மூன்றாவது சுற்று

டிசம்பர் 21

இந்த டைரி ஒரு கழிவு. எங்கள் அச்சகத்தில் அடித்ததில் ஆகஸ்ட் மாதத்துக்கு முப்பத்திரண்டு தேதி விழுந்துவிட்டது. பிழை திருத்தியது யார் என்று மேனேஜர் கேட்டார். நான்தான். தண்டனையாக நாற்பது டைரியை என் தலையில் கட்டினார்கள். சிவகாசியில் என் சொந்தக்காரர்கள் எல்லோரும் இந்த வருடம் ஒருநாள் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள்.

தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு சிரிப்புத் துணுக்கு இருக்குமே, அதை எழுதுகிறவனும் நான்தான். இருபத்திரண்டு வருடமாக. ஜனங்கள் அதைக் கிழித்துத் திருநீறு மடித்துக்கொள்கிறார்கள். சிரித்துவிட்டு மடிக்கிறார்களா, சிரிக்காமலே மடிக்கிறார்களா என்று விசாரிக்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

நாளை குடும்பச் சுற்றுலா. சென்னை, மும்பை, டெல்லி. டெல்லியில் குளிர் எலும்பைத் துளைக்குமாம். இந்த ஊரில் ஸ்வெட்டர் கேட்டால் கடைக்காரர் நம் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்.

எதிர்வீட்டுப் பாக்கியம் அக்கா மீன் தொட்டியைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்ல வந்தவள், மூட்டைகளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"பத்து நாளைக்கு எதுக்குத் தாயி இம்புட்டுத் துணி? பிள்ளைக துணி பூராவுமா கட்டிட்டீக?"

"குளிருமாம்லக்கா" என்றாள் என் மனைவி.

"உங்க ரெண்டு பேருக்கும் குளிராதாக்கும்? ஒத்தப் பைதான் இருக்கு!"

அக்கா காவல்துறையில் இருக்க வேண்டியவள்.

திரும்பி வரும் டிக்கெட்டை இந்த டைரியின் பின்னட்டை உறைக்குள் செருகியிருக்கிறேன். யார் கையும் படாத இடம்.

டிசம்பர் 22, ரயிலில்

நாங்கள் நால்வர். நான், நாற்பத்தொன்பது. மனைவி சண்முகத்தாய், சத்துணவு அமைப்பாளர்; வயதை எழுதினால் டைரி கிழியும். தாரணிக்கு எட்டு, கபிலேஷுக்கு நாலு. பார்க்கிறவர்கள் எங்கள் பிள்ளைகள் என்று நினைக்கிறார்கள். நாங்கள் திருத்துவதில்லை. ஆகஸ்ட் முப்பத்திரண்டுக்கு அடுத்தபடியாக நான் விட்ட பெரிய பிழை இது.

இவர்கள் என் தங்கை ஜோதியின் பிள்ளைகள். ஜோதி போய் மூன்று வருடம் எட்டு மாதம். அன்றைக்குக் கபிக்கு ஐந்து மாதம். அவர்கள் அப்பா ரத்தினகுமாருக்கு டெல்லியில் வேலை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்வார்? நாங்கள் தூக்கி வந்தோம். கபி என் மனைவியை அத்தை என்றும் கூப்பிடமாட்டான், அம்மா என்றும் கூப்பிடமாட்டான். "அத்தம்மா" என்று அவனாகவே ஒன்று கண்டுபிடித்து வைத்திருக்கிறான்.

பிப்ரவரியில் ரத்தினகுமார் மறுமணம் செய்துகொண்டார். தீபாவளிக்குப் போன் செய்தார். "மச்சான், பிள்ளைகளை இங்க கொண்டாந்து விட்டுருங்க. ஜனவரியில ஸ்கூல்ல சேத்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க. எத்தனை நாளைக்கு உங்களுக்கும் அக்காவுக்கும் கஷ்டம்?" நியாயமாகத்தான் கேட்டார். நியாயமாகக் கேட்கிறவரோடு சண்டை போடுவதைப்போலச் சிரமம் வேறில்லை.

ஆகவே சுற்றுலா. பிள்ளைகளிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறோம். சென்னையிலிருந்து டெல்லிக்கு நேர் ரயில் இருக்க, நான் மும்பை வழியாகச் சுற்றி டிக்கெட் போட்டேன். திரும்பி வரும் டிக்கெட்டில் இரண்டு பெயர்கள்.

தாரணியிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டிய பொறுப்பு என்னுடையது. "நீங்கதான் சொல்லணும். உங்களுக்குத்தான் பேச வரும்" என்று சண்முகத்தாய் கையைக் கழுவிவிட்டாள். சென்னையில் சொல்லிவிடுகிறேன் என்றிருக்கிறேன்.

டிக்கெட்டை வாங்கித் தாரணி உரக்க வாசித்தாள். "ஆண், நாப்பத்தொம்போது. பெண், நாப்பத்தஞ்சு!" (வெளியே வந்துவிட்டது.) "பெண், எட்டு, லோயர் பெர்த்!" தன் பெயர் இல்லை என்று கபி அழுதான். ஐந்து வயதுக்குள் டிக்கெட் வேண்டாம் என்பதை எப்படி விளக்குவது? "நீ ரயில்வேக்கே தெரியாம வர்றடா" என்றேன். அதிலிருந்து டிக்கெட் பரிசோதகர் வரும்போதெல்லாம் போர்வைக்குள் ஒளிந்துகொள்கிறான். அவரும் நல்ல மனிதர், கண்டும் காணாததுபோல் போகிறார்.

பிறகு தாரணி இந்த டைரியையும் ஒரு பென்சிலையும் வாங்கிக்கொண்டு மேல் பெர்த்தில் ஏறினாள். முப்பத்தொன்றாம் தேதிப் பக்கத்தில் ஏதோ எழுதினாள்.

"அன்னைக்குத்தான மாமா வீட்டுக்கு வருவோம்? வந்தப்புறம் பாருங்க. முன்னாடியே பாத்தீங்க, உங்க கூடப் பேசவே மாட்டேன்."

சத்தியம் செய்திருக்கிறேன்.

டிசம்பர் 23, சென்னை

கடற்கரை, குதிரை, சுண்டல். கபி கடலைப் பார்த்து, "யாரு இவ்ளோ தண்ணிய ஊத்துனா?" என்றான். மாநகராட்சிக்குத் தெரிந்தால் வந்து பைப் போட்டுவிடுவார்கள்.

ரயில் நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் ஸ்வெட்டர் வாங்கினோம். என் மனைவியின் பிடிவாதம் பற்றித் தனி டைரி போட வேண்டும். கடைக்காரப் பையன் கபிக்கு அளவெடுத்தாற்போல் ஒன்றைக் கொடுத்தான். இவள் அதைத் தள்ளிவிட்டு எட்டு வயதுப் பையனுக்கானதை எடுத்தாள். தாரணிக்குப் பன்னிரண்டு வயதுக்கானது. கபியின் கை ஸ்வெட்டருக்குள் எங்கே முடிகிறது என்று தேட வேண்டியிருக்கிறது. கூடவே முகம் மட்டும் தெரிகிற குரங்குக் குல்லா. மொத்தத்தில் பையன் துணிக்கடை மூட்டைபோல் நடக்கிறான்.

"ஏம்மா, பிள்ளைக்கு வாங்குனியா, மாப்பிள்ளைக்கு வாங்குனியா?"

"வளர்ற பிள்ளைங்க. நாலு வருசத்துக்கு வரும்."

"நாலு வருசம் கழிச்சு வாங்கிக்கிட்டா என்ன?"

அவள் கபியின் கையை நாலு மடிப்பு மடித்து, அவன் விரல்களை வெளியே எடுத்துவிட்டாள்.

எனக்கு நகைச்சுவை உணர்வு அதிகம், புத்தி குறைவு என்று என் மாமனார் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறார்.

தாரணியிடம் சொல்லவில்லை. கூட்டம். மும்பையில் சொல்லலாம்.

டிசம்பர் 24, ரயிலில்

நாள் முழுக்க ஜன்னல். முறுக்கு டப்பாவில் பாதி காலி. பாதியில் பாதி நான்.

டிசம்பர் 25, மும்பை

விடிகாலையில் இறங்கினோம். குளிரே இல்லை. ஆனாலும் கபி ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்கிறான். வியர்த்துக்கொண்டே மும்பை பார்த்தோம்.

தாரணி தன் தோழி தீபிகாவுக்குச் சிவப்பு பஸ் பொம்மை ஒன்று வாங்கினாள். விரல் நீளம்தான், கதவு மட்டும் திறக்கும். "ஸ்கூல் திறக்குற அன்னைக்கு மொத வேலையா குடுக்கணும்" என்றாள். நான் கடலைப் பார்த்தேன். மும்பையிலும் நிறைய ஊற்றியிருக்கிறார்கள்.

கடல் சுவரில் நானும் அவளும் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். நல்ல சந்தர்ப்பம். "பாப்பா..." என்று ஆரம்பித்தேன். "என்ன மாமா?" என்று திரும்பினாள். அப்படியே ஜோதியின் முகவெட்டு. "ஒரு யானையும் எறும்பும் பம்பாய்க்கு ரயில் ஏறுச்சாம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய துணுக்கு. ஏழு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமைத் தாளில் வந்தது. சிரித்தாள்.

டெல்லியில் சொல்லிவிடுவேன்.

டிசம்பர் 26, டெல்லி

பனிமூட்டத்தில் ரயில் நான்கு மணிநேரம் தாமதம். நான் சலித்துக்கொள்ளவில்லை. இன்னும் நான்கு மணிநேரம் போகட்டும் என்றிருந்தேன்.

ரத்தினகுமார் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். முடி நரைத்துவிட்டது. கபியைத் தூக்கக் கை நீட்டினார். அவன் என் காலுக்குப் பின்னால் போய், "அங்கிள் யாரு மாமா?" என்றான். அவர் நீட்டிய கையை அப்படியே பெட்டிப் பக்கம் திருப்பி, பெட்டியைத் தூக்கிக்கொண்டார். எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே பிளாட்பாரத்தில் விழுந்துவிட்டது. தேடி எடுக்கவில்லை.

தாரணிக்கு அப்பாவை நினைவிருக்கிறது. பக்கத்தில் போய் நின்றாள். "நல்லாருக்கீங்களாப்பா?" என்று விருந்தாளியிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. புது மனைவி அனுசுயா, டெல்லியிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண். இவளைப் பற்றி ஊருக்குப் போய்ப் பேச நிறையச் சரக்கு கிடைக்கும் என்று நம்பி வந்தேன். ஏமாற்றம். மனசாரச் சிரிக்கிறாள். ரசத்தில் காரம் குறைத்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு மாடிக்கட்டில் வாங்கி, மெத்தையைச் சூடுபடுத்த வெந்நீர்ப் பையும் வைத்திருக்கிறாள். துப்பறிந்து பார்த்ததில் ஒரே குறை: காப்பியில் சர்க்கரை தூக்கல்.

அடுப்படியில் அவளும் என் மனைவியும் பேசியது காதில் விழுந்தது.

"சின்னவன் எப்படிக்கா தூங்குவான்?"

"காதைப் பிடிச்சுக்கிட்டுத்தான்."

"அவன் காதையா?"

"நம்ம காதை. மடல இப்படித் தடவிக்கிட்டே தூங்கிருவான். ராத்திரி ஒருக்கா எந்திரிச்சு ஒண்ணுக்குப் போவான். லைட்டைப் போட்றாத, முழிச்சுக்கிருவான். கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாப் போதும். பாகற்காய் திம்பான், நம்பமாட்ட. தக்காளி ஆகாது."

அனுசுயா ஒவ்வொன்றாகப் போனில் குறித்துக்கொண்டாள். என் மனைவி சொல்லிக்கொண்டே போனாள். இருபது வருடக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு நேரம் அழாமல் பேசி நான் பார்த்ததில்லை.

பேசும்போது வாயிலிருந்து ஆவி வருகிறது. "மாமா, நான் பீடி குடிக்கிறேன்" என்று கபி ஊதிக் காட்டினான். இது அச்சகத்துச் சகவாசம்.

டிசம்பர் 27

காலையில் அனுசுயாவின் காதுகள் வெறுமனே இருந்தன. நேற்று ஜிமிக்கி போட்டிருந்தாள். இந்தப் பெண் நமக்கு எந்தப் பிடியும் கொடுக்கமாட்டாள்போல.

மத்தியானம் ரத்தினகுமார் என்னைத் தெருமுனை டீக்கடைக்குக் கூட்டிப்போனார்.

"மச்சான், தப்பா நெனைக்காதீங்க. சொல்லிட்டுக் கெளம்புனா ரெண்டும் ஊரைக் கூட்டிரும். பிள்ளைங்க கண்ணுல படாம போயிட்டா நல்லது. ரெண்டு நாள் அழுவாங்க, அப்புறம் பழகிரும்."

எங்களுக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுக்கவே வேண்டாம். வீட்டில் தினமும் செய்வதுதானே? காலை ஒன்பது மணிக்குச் சண்முகத்தாய் சத்துணவுக் கூடத்துக்குக் கிளம்ப வேண்டும். கபி விடமாட்டான். பாக்கியம் அக்காவோ தாரணியோ அவனைத் தொட்டி முன்னால் நிறுத்தி, "இங்க பாரு, மேனேஜர் வாயைத் தொறக்குறார்!" என்பார்கள். (எந்நேரமும் வாயைத் திறந்து மூடுகிற ஆரஞ்சு மீனுக்குத் தாரணி வைத்த பெயர். எங்கள் மேனேஜருக்குத் தெரியாது.) அவன் மீனைப் பார்ப்பான். இவள் பின்வாசலால் நழுவிவிடுவாள். மூன்று வருடமாக ஒருநாள் தவறியதில்லை. சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பி வருவாள். அதிலும் ஒருநாள் தவறியதில்லை.

நாளை மத்தியானம் பூங்காவில் பொம்மை ரயில். பிள்ளைகள் ரயிலில் ஏறியதும் நாங்கள் கிளம்பிவிட வேண்டும். ஏற்பாடு அதுதான்.

"பாப்பாட்ட சொல்லிட்டீங்கள்ல?" என்றாள் மனைவி.

"இன்னைக்குச் சொல்லிருவேன்."

வெயில் காய மொட்டைமாடிக்குத் தாரணியைக் கூட்டிப்போனேன். வெயில் என்று அவர்கள் சொல்வது எங்கள் ஊர் நிலா வெளிச்சம். அவள்தான் முதலில் பேசினாள்.

"மாமா, திரும்பிப் போறப்ப எனக்கு எந்த பெர்த்?"

இதைவிட நல்ல வாசல் யாரும் திறந்துவிட மாட்டார்கள். நுழைந்தால் போதும்.

"மேல் பெர்த்" என்றேன்.

"நெசமாவா?"

"உனக்குன்னே கேட்டு வாங்குனது."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "சரி மாமா" என்றாள். பிறகு, "டைரியையும் பேனாவையும் குடுங்க. ஒரு விசயம் விட்டுப்போச்சு" என்றாள். கொடுத்தேன். திண்டில் வைத்து முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினாள். குளிரில் பேனா எழுதவில்லைபோல, அடிக்கடி நிறுத்தி ஊதிக்கொண்டாள்.

மனைவியிடம், சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 28

பதினொன்றரைக்குப் பூங்கா. எங்கள் ஒற்றைப் பை ரத்தினகுமாரின் ஸ்கூட்டரில் ஒளிந்திருந்தது. சண்முகத்தாய் கபியின் ஸ்வெட்டர் கைகளை மடித்துவிட்டாள். மடித்ததைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

ஒரு டிக்கெட்டுக்கு மூன்று சுற்று. மஞ்சள் ரயில், ஆறு பெட்டி, முன்னால் யானை முகம். குரங்குக் குல்லாய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நம்முடையவர்கள் கடைசிப் பெட்டி. "இங்க டிக்கெட் இருக்கு, நான் ஒளிய வேணாம்!" என்று கபி கத்தினான்.

முதல் சுற்று. எங்கள் முன்னால் வந்தபோது கபி இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான். மடிப்பு அவிழ்ந்து ஸ்வெட்டர் கைகள் கொடிபோல் பறந்தன. நாங்களும் ஆட்டினோம். பக்கத்தில் அனுசுயா, கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆட்டினாள்.

இரண்டாவது சுற்று. இந்த முறை கபி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. தாரணி அவன் முகவாயைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பி, எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் வெறும் சுவர். அவள் மட்டும் எங்களைப் பார்த்தாள். கையசைக்கவில்லை.

எங்களுக்கு வசதியாகப் போயிற்று. கிளம்பிவிட்டோம்.

மூன்றாவது சுற்றில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை.

ரயில் இரவுதான். அதுவரை ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தோம். எதிரில் பெரிய கடிகாரம். ஒரே ஒரு தடவைதான் சண்முகத்தாய் பேசினாள்.

"நாலு மணி ஆயிருச்சுங்க."

டிசம்பர் 29, ரயிலில்

எதிர் சீட்டுக்காரர் எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். நான் துணுக்கு ஒன்று சொன்னேன். சிரித்தார்.

டிசம்பர் 30, சென்னை

காலையில் இறங்கினோம். சாயங்காலம்தான் ஊருக்கு ரயில். ஸ்வெட்டர் வாங்கிய கடைப்பக்கம் போக வேண்டாம் என்று எதிர்ச் சாரியில் நடந்தோம். கடைக்காரப் பையன் கண்டுகொண்டான். "அண்ணே, சைஸ் சரியா இருந்துச்சா?" என்று சாலையைத் தாண்டிக் கத்தினான். சரியாக இருந்தது என்று கையைக் காட்டினேன்.

டெல்லி ரயிலில் பரிசோதகர் போனில் வந்த செய்தியைப் பார்த்தே விட்டுவிட்டார். ஊர் ரயிலுக்கு டிக்கெட்டை எடுக்க இப்போதுதான் டைரியின் பின்னட்டை உறையைத் திறந்தேன். நான் நாலாக மடித்துச் செருகியிருந்தேன். அது இரண்டாக மடிந்திருந்தது.

யார் கையும் படாத இடம். அந்த டைரியைத்தான் இரண்டு தடவை அவள் கையில் கொடுத்தேன். இருபத்திரண்டு வருடம் பிழை பார்த்தவன்.

டிசம்பர் 31, சிவகாசி

இன்று காலை வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆகவே பார்க்கலாம்.

இந்தப் பக்கம் நிறைந்திருக்கிறது. எனக்கு ஓரத்தில்தான் இடம். பென்சிலில் இருப்பது போகும்போது எழுதியது. நீல மையில் இருப்பது மொட்டைமாடியில் எழுதியது. ஓரம் போதாது, அப்படியே முன்னட்டையின் உள்பக்கத்தில் படியெடுத்து வைக்கிறேன். பென்சில் சீக்கிரம் அழிந்துவிடும்.

பென்சிலில்:

வீட்டுக்கு வந்ததும் செய்யவேண்டிய வேலைகள். ஒன்று, மேனேஜருக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும். பாக்கியம் பெரியம்மா தீனி நிறையப் போட்டிருப்பார்கள். இரண்டு, லைப்ரரி புத்தகம் என் மெத்தைக்கு அடியில். இரண்டாம் தேதி கொடுக்க வேண்டும். மூன்று, தீபிகாவுக்கு வாங்கும் பொருளைக் கொடுக்க வேண்டும். நான்கு, தம்பியை அடுத்த வருடம் என் ஸ்கூலில் சேர்க்க மாமாவிடம் ஞாபகப்படுத்த வேண்டும்.

நீல மையில், ஒன்றுக்குப் பக்கத்தில்: மாமா. இரண்டுக்குப் பக்கத்தில்: அத்தை. மூன்றுக்குப் பக்கத்தில்: மாமா, பஸ் முறுக்கு டப்பாவுக்குள் இருக்கிறது, கதவை வேகமாகத் திறந்தால் உடைந்துவிடும் என்று தீபிகாவிடம் சொல்லவும். நான்காவதின் மேல் ஒரு கோடு. ஸ்கேல் வைத்து அடித்ததுபோல் நேராக இருக்கிறது.

அதற்கும் கீழே: தம்பிக்குக் கை மடித்துவிட எனக்குத் தெரியும். நாலு மடி. அத்தையிடம் சொல்லிவிடுங்கள்.

எழுத்துப் பிழை இல்லை. இரண்டு தடவை பார்த்தேன்.

முறுக்கு டப்பாவைத் திறந்தேன். பஸ் இருந்தது. மீன் தொட்டியில் தண்ணீர் மாற்றினேன். மேனேஜர் உயிரோடு இருக்கிறார், வாயைத் திறந்து மூடுகிறார். சண்முகத்தாய் விடுப்பை ரத்து செய்துவிட்டு, ஸ்கூல் பூட்டியிருக்கிற நாளில் சத்துணவுக் கூடத்துக்குப் பாத்திரம் விளக்கப் போயிருக்கிறாள். ஒன்பது மணிக்கு, யாரும் இல்லாத வீட்டில், பின்வாசல் வழியாகத்தான் போனாள். நாலு மணிக்கு வருவாள்.

நாலு மடி விஷயத்தை அவளிடம் சொல்ல வேண்டும்.

நாளை சொல்லிவிடுகிறேன்.